ஐம்பதில் ஒன்று குறைந்தபோது: ஒரு என்.சி.சி. முகாமின் நிகழ்வு ஆய்வு

சென்னைப் புறநகரில் என்.சி.சி., அதாவது தேசிய மாணவர் படை, நடத்திய ஆண்டுப் பயிற்சி முகாம் ஒன்றில், துப்பாக்கி சுடும் பயிற்சி முடிந்தபோது காலித் தோட்டா உறை ஒன்று குறைந்தது. அன்று இரவு விடிவதற்குள் மூன்று கேடட்டுகள், அதாவது என்.சி.சி. மாணவர்கள், மூன்று பொய் சொன்னார்கள். மூவருமே நல்ல பிள்ளைகள். என்.சி.சி.யின் நான்கு ஒழுக்க நெறிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடங்கலில்லாமல் ஒப்பிப்பவர்கள்: சிரித்த முகத்தோடு கீழ்ப்படி, நேரம் தவறாதே, அலட்டிக்கொள்ளாமல் கடுமையாக உழை, சாக்கும் சொல்லாதே பொய்யும் பேசாதே. இந்த நான்காவது நெறி ஒரே இரவில் மூன்று இடத்தில் எப்படி உடைந்தது, யாருடைய பொறுப்பில் உடைந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த முகாமில் நான் ஏ.என்.ஓ.வாக, அதாவது கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டே என்.சி.சி. அதிகாரியாகவும் பணி செய்பவராக, இருந்தேன். விசாரணையிலும் உட்கார்ந்தேன். சம்பந்தப்பட்ட பையன்கள் இன்று வேலையில் இருப்பதால் கல்லூரி, பட்டாலியன், ஆண்டு எதையும் சொல்லவில்லை.

பின்னணி

முகாம் பத்து நாள். என்.சி.சி.யின் 'பி' சான்றிதழ்த் தேர்வு எழுத ஒரு முகாமாவது போயிருக்க வேண்டும், அணிவகுப்பு வருகை 75 சதவீதம் இருக்க வேண்டும் என்பதால் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள்தான் அதிகம். வியாசர்பாடி, காசிமேடு, அம்பத்தூர், பல்லாவரம் என்று நகரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். போலீஸ் வேலைக்கு உதவும் என்று சேர்ந்தவர்கள் உண்டு. சீருடை மேல் ஆசைப்பட்டுச் சேர்ந்தவர்கள் உண்டு. 'சி' சான்றிதழில் 'பி' கிரேடாவது வாங்கி, பட்டப்படிப்பில் 50 சதவீதமும் எடுத்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்குப் போகலாம், தேறினால் பரங்கிமலையில் 1963இலிருந்து இயங்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குள் நுழையலாம் என்று கணக்குப் போட்டு வந்தவர்களும் உண்டு. மின்சார ரயிலில் அந்த மலையைத் தாண்டிக் கல்லூரிக்குப் போகிற பையனுக்கு இது தொலைதூரக் கனவு இல்லை.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எச்.என். குன்ஸ்ரு தலைமையிலான குழுவின் பரிந்துரையின் பேரில் 1948இல் வந்த என்.சி.சி. சட்டம், கேடட்டாகச் சேர்ந்ததாலேயே ஒருவர் போர்ப்பணிக்குக் கடமைப்பட்டவர் ஆகமாட்டார் என்று சொல்கிறது. சீனப் போருக்குப் பிறகு 1963இல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட என்.சி.சி., 1968இலேயே மறுபடியும் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆக, அன்று அந்த மைதானத்தில் நின்ற ஒவ்வொருவனும் மாணவன். தானாக விரும்பி வந்தவன். பின்னால் வரும் எல்லாவற்றையும் இதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

சுடுதளத்தில்

ஆறாம் நாள் பிற்பகல், பாயின்ட் 22 ரைஃபிள் சுடும் பயிற்சி. ஒரு டீட்டெயிலுக்கு, அதாவது ஒரே நேரத்தில் சுடும் குழுவுக்கு, பத்துப் பேர், ஆளுக்கு ஐந்து தோட்டா. தார்ப்பாயில் குப்புறப் படுத்து, 25 கஜம் தள்ளி நிற்கும் காகித இலக்கைச் சுட வேண்டும். ஐந்து குண்டும் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதுதான் மதிப்பெண். போல்ட்டைப் பின்னால் இழுத்தால் காலி உறை வலப்பக்கமாகத் துள்ளி விழும். ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில், கையில் எடுத்தால் சூடாக இருக்கும் சின்னப் பித்தளைக் குழாய். பையன்கள் அதை 'எம்ப்டி' என்பார்கள்.

சுட்டு முடித்ததும் ஒவ்வொரு கேடட்டும் கையை நீட்டி, தன்னிடம் வெடிக்காத தோட்டாவோ காலி உறையோ எதுவும் இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். அப்புறம் உறைகளைப் பொறுக்கி எண்ணுவார்கள். கொடுத்த தோட்டாவும் திரும்பிய உறையும் சுடாமல் மிஞ்சியதும் ஒத்துப் போனால்தான் அடுத்த டீட்டெயில் படுக்கும்.

நான்காவது டீட்டெயில் முடிந்தபோது 50க்கு 49தான் இருந்தது.

பயிற்சி கொடுத்த ஹவில்தார் ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், மெட்ராஸ் ரெஜிமெண்டில் வேலை பார்த்தவர். சத்தம் போடவில்லை. சுடுவதை நிறுத்தினார், தார்ப்பாய்களை ஒவ்வொன்றாக உதறச் சொன்னார், மெஸ்ஸுக்கு ஆளனுப்பி மாவு சலிக்கும் சல்லடையை வரவழைத்தார். ஆளுக்கொன்றாக இருந்த பத்து லேனின் வலப்பக்க மணலையும் பையன்கள் முட்டி போட்டுச் சலித்தார்கள். வெயில் இறங்கும்வரை தேடியும் கிடைக்கவில்லை. சட்டை, பேன்ட் பைகளைத் தடவிப் பார்த்தார்கள். பத்துப் பேரும் மறுபடி "இல்லை" என்று உறுதி சொன்னார்கள். இதுதான் முதல் பொய். மூன்றாம் லேனில் படுத்த காசிமேட்டுப் பையன் அந்த உறையைத் தன் காலுறைக்குள், பூட்ஸின் ஓரத்தில் செருகி வைத்திருந்தான்.

இதற்குள் வேறொன்றும் நடந்தது. இலக்குக் காகிதங்களை எடுத்து வந்தபோது ஏழாம் லேன் காகிதத்தில் நான்கு ஓட்டைகள்தான் இருந்தன. முதல்முறை சுடுகிறவன் காகிதத்தையே விட்டு வெளியே சுடுவது சர்வ சாதாரணம். ஹவில்தாருக்கு அது தெரியும். அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்று பார்த்த ஜே.யு.ஓ.வுக்கு, அதாவது மூன்றாமாண்டு படிக்கும் ஜூனியர் அண்டர் ஆபீசருக்கு, அந்த ஓட்டைக் கணக்கு வேறு மாதிரி தெரிந்தது. நான்கு குண்டுதான் போயிருக்கிறது, ஐந்தாவதைச் சுடாமலே பையில் போட்டுவிட்டான் என்று முடிவு கட்டினான்.

இரவு

அந்த ஜே.யு.ஓ.வைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். டிரில்லில் அவனை அடித்துக்கொள்ள அந்த முகாமில் ஆளில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எல்லோருக்கும் முன்னால் ஷேவ் செய்து, பெரட் தொப்பியின் ஹேக்கிள் இறகு ஆடாமல் நிற்பான். எஸ்.எஸ்.பி.க்குத் தயாராகிக்கொண்டிருந்தான். தன் கம்பெனியில் ஒரு தோட்டா காணவில்லை என்பது அவனுக்கு உடம்பில் விழுந்த அடி மாதிரி இருந்திருக்க வேண்டும். அதிகாரிகள் கண்டுபிடிப்பதற்கு முன் தானே கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தான்.

விளக்கணைத்த பிறகு ஏழாம் லேன் பையனை எழுப்பி, விடுதிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனான். கூட இன்னும் இரண்டு சீனியர்கள். 'ரகடா' என்று கேடட்டுகள் சொல்வதை அங்கே கொடுத்தார்கள். ஜல்லி பரப்பிய தரையில் ஃப்ரண்ட் ரோல், முழங்கையால் ஊர்ந்து போதல், மறுபடி ஃப்ரண்ட் ரோல். எடுக்காத பொருளை எங்கே என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? "தெரியாது ஜே.யு.ஓ. சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பதில் வர வர ரோல் எண்ணிக்கையும் ஏறியது.

பதினொன்றரைக்கு ரோந்து வந்த இன்னொரு ஏ.என்.ஓ. டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். "ஒருத்தனுக்கு வயிறு சரியில்ல சார், தண்ணி குடிக்கக் கூட்டிட்டு வந்தோம்" என்றான் ஜே.யு.ஓ. இது இரண்டாவது பொய். ரோந்து அதிகாரி நம்பிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் பையன் உண்மையாகவே வாந்தி எடுத்தான். தோளும் இரண்டு முழங்கையும் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. முகாமின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமுக்குத் தாங்கிக் கொண்டுபோனார்கள். மருந்து போட்ட உதவியாளர் கேட்டபோது, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார்" என்றான். பதிவேட்டிலும் அப்படியே எழுதப்பட்டது. மூன்றாவது பொய் இது. நினைக்கும்போதெல்லாம் என்னை அதிகம் வருத்துவதும் இதுதான். பாத்ரூமில் வழுக்கி விழுகிறவனுக்கு இரண்டு முழங்கையும் ஒரே அளவில் தேயாது. அதைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை. கேட்டாலும் சொல்லும் தைரியம் அவனுக்கு இல்லை. தன்னைத் துன்புறுத்தியவர்களைக் காப்பாற்ற ஒரு பிள்ளை பொய் சொல்கிறான், அதைத் தோழமை என்று வேறு நினைத்துக்கொள்கிறான்.

காலை ஐந்து மணி

கட்டுப் போட்டு அழைத்து வரப்பட்டவனை அதே அறையில் படுத்திருந்த காசிமேட்டுப் பையன் பார்த்தான். அப்புறம் அவன் தூங்கவில்லை. ஐந்து மணிக்கு, பி.டி.க்கு ஃபால் இன் ஆவதற்கு, அதாவது வரிசையில் நிற்பதற்கு, முன், ஆயுத அறை வாசலில் ரைஃபிள்களை எண்ணிக்கொண்டிருந்த ஹவில்தாரிடம் போய் உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

ஹவில்தார் கேட்டது ஒன்றுதான். "எங்க வச்சிருந்த?" பையன் பூட்ஸைக் காட்டினான். அவர் அதை வாங்கி, பதிவேட்டில் நேரம் போட்டு எழுதி, பையனைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். "குடிச்சிட்டு வா. கமாண்டன்ட் சார்கிட்ட போவணும். நானும் கூட வர்றேன்."

பிறகு நான் அந்தப் பையனிடம் பேசியபோது, ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். ஐந்தாவது படிக்கும் தங்கச்சிக்குக் காட்ட என்றான். அண்ணன் துப்பாக்கி சுட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டாளாம்.

விசாரணை

முகாம் கமாண்டன்ட் அன்று காலையே விசாரித்தார். அறையில் எங்களுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. மூவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் ஒருவர். ஜே.யு.ஓ. செய்தது வரம்பு மீறல்தான், ஆனாலும் கொஞ்சம் ரகடா இல்லாமல் பயிற்சி என்ன பயிற்சி என்று இன்னொருவர் கேட்டார். இந்த இரண்டாவது கருத்து அந்த அறையோடு முடிகிற கருத்தா என்ன? நம் ஊர் கல்லூரி மைதானங்களில் இதைப் பெருமையாகவே சொல்வார்கள். 2023 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் தாணேயில் கேடட்டுகளைச் சேற்று நீரில் தலை ஊன்ற வைத்து, மூத்த மாணவன் தடியால் அடித்த காணொளி நாடு முழுக்கப் பரவியபோதுகூட, "நாங்களும் வாங்கித்தான் வந்தோம்" என்ற குரல்கள் கேட்கத்தான் செய்தன.

ஜே.யு.ஓ.வும் அதையே சொன்னான். "எனக்கும் ஃபர்ஸ்ட் இயர்ல இப்படித்தான் சார் சொல்லிக்கொடுத்தாங்க." சவால் விடும் தொனியில் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை, தான் செய்ததில் எது தப்பு என்று. கமாண்டன்ட் முகாம் ஆணையை எடுத்து வாசிக்கச் சொன்னார். கேடட் எவரும் இன்னொரு கேடட்டைத் தண்டிக்கக் கூடாது, விளக்கணைத்த பின் எவரையும் அறையை விட்டு வெளியே அழைக்கக் கூடாது என்று அதில் இருந்தது. முதல் நாள் ஃபால் இன்னில் அந்த ஆணையை உரக்க வாசித்தவனே அவன்தான்.

பல்லாவரத்திலிருந்து காயம்பட்ட பையனின் அம்மா வந்தார். கமாண்டன்ட் நடந்ததை ஒளிக்காமல் அவரிடம் சொன்னார். அந்த அம்மா அழவில்லை, சத்தம் போடவில்லை. "என் புள்ள எடுக்கலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் அதுவரை அது தோன்றவில்லை. யாருக்கு என்ன தண்டனை என்றே பேசிக்கொண்டிருந்தோம். அவர் கேட்ட பிறகு, அன்று மாலை ஃபால் இன்னில் முழு முகாமும் கேட்க கமாண்டன்ட் அந்தப் பையன் மேல் குற்றமில்லை என்று அறிவித்தார். ஜே.யு.ஓ. அவன் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டான்.

முடிவுகள் இவை. ஜே.யு.ஓ.வின் முகாம் பொறுப்பு பறிக்கப்பட்டது, பட்டாலியனுக்கு அறிக்கை போனது, அங்கே அவனுடைய ரேங்க்கும் எடுக்கப்பட்டது. கூட இருந்த இரண்டு சீனியர்களுக்கு எச்சரிக்கை. உறையை எடுத்தவன் அந்த முகாமில் மறுபடி சுடவில்லை, நடந்ததை அவனே தன் கம்பெனி முன் சொன்னான், வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. எம்.ஐ. ரூமில் பொய் சொன்னவனுக்குத் தண்டனை எதுவும் இல்லை.

ஏன் நடந்தது

முதலில், சுட்டு முடித்ததும் கையை நீட்டிச் சொல்லும் அந்த உறுதிமொழி. அது இந்தியில் சொல்லப்படுவது. எங்கள் பையன்கள் மனப்பாடம் செய்து முழங்குகிறார்கள். என்.சி.சி.யில் இந்தி ஆணைச்சொற்களை நீக்க வேண்டும் என்பது 1967-68 மாணவர் போராட்டத்திலேயே தமிழ்நாட்டில் எழுந்த கோரிக்கை. அந்த வழக்கை இங்கே திறக்கவில்லை. டிரில்லில் ஒரு ஆணைச்சொல் எந்த மொழியில் இருந்தாலும் கால் பழகிக்கொள்ளும். சத்தியம் செய்கிறவனுக்கோ தான் என்ன சொல்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். காசிமேட்டுப் பையனிடம் கேட்டபோது, கையை நீட்டிக் கத்த வேண்டும் என்பது தெரிந்திருந்தது. கத்துவது ஒரு வாக்குறுதி என்று தெரிந்திருக்கவில்லை.

அதைவிடப் பெரிய குறை, காலி உறை ஏன் முக்கியம் என்று யாரும் சொல்லாதது. தூக்கிப் போடும் குப்பை என்றுதான் பையன்கள் நினைத்தார்கள். ஒரு தோட்டா சுடப்பட்டது என்பதற்கு அந்த உறைதான் சாட்சி. உறை குறைந்தால், சுடப்படாத தோட்டா ஒன்று யாரிடமோ இருக்கிறது என்றுதான் கணக்குக்குப் பொருள். அது வெளியே போனால் ஒரு உயிர் போகலாம். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லியிருந்தால் அந்தப் பையன் எடுத்திருக்க மாட்டான் என்று உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் தெரிந்த பிறகு அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

சரி, எடுத்தது அறியாமை. மணலைச் சலிக்கும்போதே ஏன் சொல்லவில்லை? தொண்ணூறு பேர் வெயிலில் காய்கிறார்கள், தன்னால்தான் என்று தெரியும். ஆனால் அந்த ஆறு நாளில் அவன் பார்த்தது என்ன? தப்பை ஒப்புக்கொண்டவனுக்கு ரகடா. ஒப்புக்கொள்ளாதவனுக்குச் சில நேரம் ஒன்றுமில்லை. ஷூ பாலிஷ் போடவில்லை என்று உள்ளதைச் சொன்னவன் மைதானத்தைச் சுற்றி ஓடினான். போட்டேன், தூசி படிந்துவிட்டது என்றவன் தப்பித்தான். நான்காவது நெறியை நாம் சுவரில் எழுதி வைத்திருந்தோம். நடைமுறையில் அதற்கு நேர் எதிரானதைத் தினமும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம். ரகடா உடம்பை உறுதியாக்குகிறதா என்ற வாதத்துக்கே நான் போகவில்லை. அது பொய் சொல்லப் பழக்குகிறது. என் எதிர்ப்புக்கு அந்த ஒரு காரணம் போதும்.

"சிரித்த முகத்தோடு கீழ்ப்படி" என்ற முதல் நெறியும் இங்கே தவறாகப் போனது. நள்ளிரவில் தண்ணீர்த் தொட்டிக்குக் கூப்பிட்டால் போகக் கூடாது என்று ஏழாம் லேன் பையனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சட்டத்துக்கு உட்படாத ஆணை ஆணையே இல்லை என்பது ராணுவத்தின் அடிப்படைப் பாடம். பதினெட்டு வயதுப் பையனுக்கு அதைச் சொன்னால் அடங்க மாட்டான் என்று நமக்கு ஒரு பயம். என் அனுபவத்தில், எந்த ஆணையை மறுக்கலாம் என்று தெரிந்தவன்தான் மற்ற ஆணைகளுக்கு முகம் சுளிக்காமல் கீழ்ப்படிகிறான்.

ஜே.யு.ஓ. பற்றியும் ஒரு வார்த்தை. அவனுக்கு அதிகாரம் கொடுத்தோம், அதை எப்படிக் கையாள்வது என்று கற்றுக்கொடுத்தோமா? டிரில் மதிப்பெண்ணைப் பார்த்து ரேங்க் கொடுக்கிறோம். ஒரு ஜூனியர் தப்பு செய்தால் என்ன செய்வாய் என்று ரேங்க் கொடுக்கும் முன் எவரும் அவனிடம் கேட்கவில்லை. எப்படி நடத்த வேண்டும் என்பதற்கான பதில் அதே முகாமில் இருந்தது, ஆயுத அறை வாசலில். ஹவில்தார் தப்பை மறைக்கவில்லை, பதிவேட்டில் எழுதினார், கையெழுத்து வாங்கினார், மேலதிகாரியிடம் கூட்டிப் போனார். கூடவே நடந்தார். உண்மை சொன்னால் தனியாக நிற்க வேண்டியதில்லை என்று அந்தப் பையன் கற்றுக்கொண்டது அந்த ஐம்பதடி தூரத்தில்தான்.

என்ன மாற்றினோம்

அடுத்த முகாமில் சுடுவதற்கு முன் ஹவில்தார் ஒரு கையில் தோட்டாவும் மறு கையில் காலி உறையுமாகக் காட்டி, கணக்கு ஏன் என்று தமிழில் விளக்கினார். உறுதிமொழி வழக்கம்போல் இந்தியில், உடனே ஒவ்வொருவனும் அதையே தன் சொந்த வார்த்தையில். லேனை விட்டு எழும் முன் தன் ஐந்து உறைகளைத் தானே பொறுக்கி, எண்ணி, எழுதுபவர் கையில் கொடுக்க வேண்டும். பத்துப் பேர் உறைகளை ஒரே குவியலாகச் சேர்ப்பது நின்றது. சுட்ட காகித இலக்கை, மதிப்பெண் குறித்த பிறகு, கேடட்டிடமே கொடுத்துவிடுகிறோம். வீட்டில் காட்ட அது போதும்.

எம்.ஐ. ரூம் பதிவேட்டை ஒரு ஏ.என்.ஓ. தினமும் காலையில் படிக்கிறார். காயத்தைப் பார்த்து, பையனைத் தனியாக உட்கார வைத்துப் பேசுகிறார். ரேங்க் கொடுக்கும் முன் நடக்கும் நேர்காணலில், "உன் ஜூனியர் பொய் சொல்கிறான் என்று தோன்றுகிறது, என்ன செய்வாய்?" என்ற கேள்வியும் சேர்ந்திருக்கிறது.

இன்னும் தீராதது ஒன்று. மாணவிகள் விடுதியில் அவர்களோடு பெண் பயிற்றுநர் ஒருவர் இரவு தங்குகிறார். மாணவர் விடுதியை ஜே.யு.ஓ.க்கள் பொறுப்பில் விட்டுவிட்டு அதிகாரிகள் வேறு கட்டடத்துக்குப் போய்விடுகிறோம். பையன்கள்தானே, என்ன ஆகிவிடும் என்ற பழைய நினைப்பு. மாணவர் விடுதியிலும் ஒவ்வொரு தளத்திலும் ஒரு ஏ.என்.ஓ.வோ பயிற்றுநரோ படுக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். இதற்குத் தனியாக நிதி வேண்டாம், மேலிடத்து ஆணை வேண்டாம். முகாம் தொடங்கும் அன்று தளத்துக்கு ஒரு கட்டிலும் கொசுவலையும் போட்டால் ஆயிற்று.